எந்த ஃபிலிம், எந்தப் பேப்பர், எத்தனை வருஷப் பழசு?

டிஜிட்டல் படத்துக்கு ஃபிலிம் லுக் வேண்டும் என்று லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளைத் திறக்கிறவர் முதலில் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும். லைட்பாக்ஸில் வைத்துப் பார்க்கிற ஸ்லைடு மாதிரி வேண்டுமா? நெகட்டிவிலிருந்து அன்றைக்கே போட்ட புது பிரிண்ட் மாதிரியா? லேப் ஸ்கேனரிலிருந்து வந்த ஃபைல் மாதிரியா? பீரோவுக்குள் நாற்பது வருஷம் கிடந்த கல்யாண ஆல்பம் மாதிரியா? நான்கும் ஃபிலிம்தான். ஆனால் ஸ்லைடின் கறுப்பு கன்னங்கரேல் என்று இருக்கும். புது பிரிண்டின் கறுப்பும் ஆழமானதுதான், பேப்பரின் பளபளப்பு மட்டும் அதை ஓர் இழை தூக்கிவிடும். ஸ்கேனில் கறுப்பு எங்கே நிற்கும் என்பது மிஷினில் உட்கார்ந்தவர் கையில் இருந்தது. பழைய ஆல்பத்திலோ கறுப்பு என்று ஒன்றே கிடையாது, செம்பழுப்புதான்.

‘விண்டேஜ்’ என்ற பெயரில் சுற்றும் பல பிரீசெட்கள் (ஒரே சொடுக்கில் படத்துக்குப் போடும் தயார் அமைப்புகள்) இந்த நான்கையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிண்டுகின்றன. ஸ்லைடின் அடர்ந்த சிவப்பு, ஆல்பத்தின் வெளுத்த கறுப்பு, புஷ் செய்த (வெளிச்சம் குறைத்து எடுத்து, கூடுதல் நேரம் கழுவிய) கறுப்பு வெள்ளை ஃபிலிமின் கிரெய்ன் என்ற துகள்பரப்பு, அதன்மேல் ஒரு தூசி ஓவர்லே. அப்படி ஒரு பொருள் உலகத்தில் எங்கும் இருந்ததில்லை. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ‘ஃபில்டர் போட்ட படம்’ என்று உடனே தெரிந்துவிடும்.

கீழே வரும் எண்கள் 24 மெகாபிக்ஸல் ரா ஃபைலை (கேமரா பதப்படுத்தாமல் தரும் கோப்பை) மனதில் வைத்துச் சொன்னவை. தொடங்கும் இடமாக வைத்துக்கொண்டு, படத்துக்குப் படம் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளுங்கள்.

எடுக்கும்போது

நெகட்டிவுக்கும் சென்சாருக்கும் பயப்பட வேண்டிய பக்கம் நேரெதிர். நெகட்டிவ் வெளிச்சம் கூடினால் தாங்கும். குறைந்தால் நிழலில் எதுவுமே பதியாது. ஐஎஸ்ஓ 400 ஃபிலிமை மீட்டரில் 200 என்று வைத்து எடுக்கும் பழக்கம் அதனால்தான் வந்தது. சென்சார் நிழலைத் தோண்டித் தோண்டிக் கொடுக்கும், வெள்ளை ஒருமுறை கிளிப் ஆனால், அதாவது உச்சத்தில் முட்டி விவரம் இழந்தால், போனது போனதுதான். மெரினாவில் காலை பத்து மணிக்கு மேல் வெள்ளை வேட்டி, கபாலீசுவரர் கோயில் வாசலில் மல்லிகைப்பூக் கூடை, காசிமேட்டில் ஐஸ்கட்டி மேல் மீன் என்றால் முக்கால் ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதி) குறைத்தே எடுங்கள். நடு டோனைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். ஃபிலிமின் அழகு என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, வெள்ளை நோக்கிப் போகிற டோன்கள் திடீரென்று அறுந்துபோகாமல் மெல்ல அடங்குவதுதான். அறுந்துபோன இடத்தில் எந்த கர்வும் (டோன்களை ஏற்றி இறக்கும் வளைகோடும்) அதைத் திருப்பிக் கொண்டுவராது.

கேமராத் திரையில் தெரியும் ஹிஸ்டோகிராம் (எந்த டோன் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) ரா ஃபைலுடையது கிடையாது. உள்ளே இருக்கும் ஜேபெக் முன்னோட்டத்துடையது. பிக்சர் ஸ்டைலை ‘நியூட்ரல்’ ஆக வைத்தால் அது கொஞ்சம் உண்மை பேசும். மூன்று சேனலையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைத் தேர்ந்தெடுங்கள். அரக்குப் பட்டுப்புடவை, செம்பருத்தி, குங்குமத் தட்டு போன்றவற்றில் மொத்த ஹிஸ்டோகிராம் பத்திரமாகத் தெரியும்போதே சிவப்புச் சேனல் மட்டும் முட்டி நிற்கும். அந்தப் புடவையின் மடிப்புகள் பிறகு ஒரே சிவப்புத் தகடாகத்தான் வரும்.

வைட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். டேலைட் ஃபிலிம் 5500 கெல்வினுக்குச் செய்யப்பட்டது. ரோலைப் போட்ட பிறகு அது மாறவே மாறாது. காலை வெயில் மஞ்சளாக, மர நிழல் நீலமாக, வீட்டுக்குள் குண்டு பல்பு ஆரஞ்சாக விழுந்ததற்குக் காரணம் அதுதான். ஒரு நாள் எடுத்த படங்கள் அனைத்தையும் 5500-லேயே நிறுத்திப் பாருங்கள். வேறு எதுவும் செய்யாமலே தொகுப்பு முழுக்க ஒரே ரோலில் எடுத்தது போன்ற ஒழுங்கு வந்துவிடும். இரவுத் தெருவுக்கு டங்ஸ்டன் சினிமா ஃபிலிமின் குணம் வேண்டுமானால் 3200. ஒரு எச்சரிக்கை: சோடியம் விளக்குகள் போய் எல்இடி வந்துவிட்ட சென்னைத் தெருக்களில் 3200 வைத்தால் எல்லாம் கடும் நீலமாகும். டீக்கடையின் மஞ்சள் பல்பு, பேருந்தின் உட்புற விளக்கு என்று ஏதாவது வெம்மையான ஒளி சட்டத்துக்குள் இருந்தால்தான் அந்த நீலத்துக்கு ஓர் எதிர்ப்பக்கம் கிடைக்கும்.

கர்வ்

ஃபிலிம் வெளிச்சத்தை எப்படி அடர்த்தியாக மாற்றுகிறது என்பதை ஹர்ட்டரும் டிரிஃபீல்டும் 1890-லேயே வரைபடமாகப் போட்டுக் காட்டிவிட்டார்கள். கீழே மெல்லக் கிளம்பும் பாதம், நடுவில் நேர்கோடு, மேலே வளைந்து அடங்கும் தோள். டிஜிட்டலில் நாம் செய்யும் வேலையில் முக்கால்வாசி இந்த மூன்றையும் சரியான இடத்தில் வைப்பதுதான். பிரிண்ட் என்றால் இரண்டு கர்வ்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன: சரிவு குறைந்த நெகட்டிவ், சரிவு கூடிய பேப்பர். நெகட்டிவ் ஏகப்பட்ட விவரத்தைப் பிடித்து வைத்திருக்கும், பேப்பர் அதில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக் காட்டும். நடுவில் உறுதியும் இரு முனையிலும் மென்மையும் சேர்ந்து வருவது இதனால்தான்.

முதலில் அடித்தள புரொஃபைலை மாற்றுங்கள். ‘அடோபி கலர்’ ஏற்கெனவே கான்ட்ராஸ்ட் போட்டுத்தான் தருகிறது. அதன்மேல் உங்கள் கர்வையும் போட்டால் கர்வ் மேல் கர்வ் ஏறி நிழல் அடைத்துக்கொள்ளும். ‘அடோபி நியூட்ரல்’ அல்லது கேமராவின் நியூட்ரல் புரொஃபைல் போதும். பிறகு ஹைலைட்டை 30 முதல் 50 வரை இறக்கிவிட்டு, பாயின்ட் கர்வைத் திறங்கள். 0–255 அளவில் (0 கறுப்பு, 255 வெள்ளை), புது பிரிண்டுக்கு: 0-ஐ 10-க்கு, 40-ஐ 34-க்கு, 96-ஐ 98-க்கு, 160-ஐ 172-க்கு, 215-ஐ 222-க்கு, 255-ஐ 247-க்கு. ஸ்லைடுக்கு: 0 அங்கேயே, 48-ஐ 28-க்கு, 128 அங்கேயே, 200-ஐ 222-க்கு, 255 அங்கேயே. ஸ்லைடு தாங்கும் வெளிச்ச வீச்சு ஐந்து ஸ்டாப் அளவுதான். நிழலை ‘ஷேடோஸ்’ ஸ்லைடரால் தூக்கிவிட்டு ஸ்லைடு கர்வ் போடுவது தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் வேலை. நிழல் கறுப்பாகவே விழட்டும்.

கறுப்பை 10-க்குத் தூக்கச் சொன்னேன். பல பிரீசெட்களில் அது 30, 40 என்று ஏறி நிற்கிறது. அது மோசமான ஸ்கேனின் அடையாளம், அல்லது வெளுத்த பேப்பரின் அடையாளம். வேண்டுமென்றே அதைத்தான் செய்கிறீர்கள் என்றால் சரி. அதற்கான கணக்கு பின்னால் வருகிறது.

கர்வ் கான்ட்ராஸ்டை ஏற்றும்போது கூடவே நிறமும் கொழுத்துவிடும். பாயின்ட் கர்வின் கீழே இருக்கும் ‘ரிஃபைன் சாச்சுரேஷன்’ ஸ்லைடரைக் குறையுங்கள், அது இல்லாத பதிப்பில் மொத்த சாச்சுரேஷனை 8 முதல் 15 வரை இறக்குங்கள். இன்னொரு எடிட்டிங் மென்பொருளான டார்க்டேபிளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு வேலை இன்னும் எளிது: ‘சிக்மாய்ட்’ மாட்யூலிலேயே தோளும் பாதமும் இருக்கின்றன. கான்ட்ராஸ்ட் இயல்பாக 1.5, அதை 1.7 வரை ஏற்றி, நிறக் கையாளலை ‘பெர் சேனல்’ என்பதிலேயே விட்டால் ஹைலைட் நோக்கிப் போகும்போது நிறம் தானாக வெளிறும். ஃபிலிமும் அப்படித்தான் நடந்துகொள்ளும். அதோடு பேஸ் கர்வையும் சேர்த்து இயக்கிவிடாதீர்கள்.

அடுத்தது தனித்தனிச் சேனல்கள். கலர் ஃபிலிமில் நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்று உணர்வுகொண்ட அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. மூன்றின் கர்வும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது. அதனால் நிழலுக்கு ஒரு சாயல், வெளிச்சத்துக்கு வேறொரு சாயல் வந்துவிடும். நீலச் சேனலில் 0-ஐ 8-க்கும் 255-ஐ 245-க்கும் நகர்த்தினால் நிழலில் மெல்லிய நீலமும் வெள்ளையில் பாலேடு மாதிரி ஒரு மஞ்சளும் வரும். பச்சையின் நடுவை இரண்டு புள்ளி ஏற்றலாம். எதையும் பத்துக்கு மேல் நகர்த்த வேண்டாம், அதற்கு மேல் போனால் முதலில் கெடுவது முகம்தான்.

நம் தோல் நிறம்

வாங்கிய பிரீசெட் நம் ஊர் முகத்தில் ஏன் சரியாக உட்காருவதில்லை என்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. வெளிர்ந்த தோலை வைத்துச் செய்த பிரீசெட்கள் ஆரஞ்சு லூமினன்ஸை (வெளிச்ச அளவை) 15, 20 என்று ஏற்றி, ஆரஞ்சு ஹியூவை (நிறச் சாயலை) சிவப்புப் பக்கம் தள்ளி வைத்திருக்கும். மாநிற முகத்தில் அது விழும்போது சாம்பல் பூசியது போலவோ, செங்கல் நிறமாகவோ ஆகும். இது புதிய சிக்கலும் கிடையாது. லேப்கள் பிரிண்டரைச் சரிபார்க்க ‘ஷெர்லி கார்டு’ என்று வைத்திருந்த அட்டையில் நெடுங்காலம் இருந்தது வெள்ளைத் தோல் பெண்களின் முகம். கறுத்த தோல் அந்த அளவுகோலுக்கு வெளியே நின்றது. ஐம்பது வருஷம் கழித்து அதே தவறை நம் கையாலேயே நம் முகத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

அளந்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. கலர்செக்கர் என்ற நிறச் சோதனை அட்டையின் முதல் கட்டம் கறுத்த தோலுக்கானது. திரைக்கான எஸ்ஆர்ஜிபி நிற அளவில் அதன் சிவப்பு, பச்சை, நீல மதிப்பு 115, 82, 68. சிவப்புக்கும் பச்சைக்கும் இடைவெளி 33, பச்சைக்கும் நீலத்துக்கும் 14. முகத்தில் நேரடி வெளிச்சமோ முழு நிழலோ இல்லாத ஓர் இடத்தில் டிராப்பரை (நிற மதிப்பைக் காட்டும் கருவியை) வைத்துப் பாருங்கள். வெம்மையான பிரிண்டில் இரண்டாவது இடைவெளி 20, 25 வரை விரியலாம். அது 5-க்குச் சுருங்கினால் முகம் ரோஸ் ஆகிவிட்டது என்று பொருள். முதல் இடைவெளியையே தாண்டினால் மஞ்சள் காமாலை. ஆரஞ்சு லூமினன்ஸைத் தொடாதீர்கள், அல்லது 5 அளவுக்குக் குறையுங்கள். முகம் இருட்டாக இருப்பதாகத் தோன்றினால் மாஸ்க் போட்டு எக்ஸ்போஷரைக் கால் ஸ்டாப் ஏற்றுவதே சரியான வழி.

நெற்றியிலும் மூக்கிலும் வியர்வைப் பளபளப்பு சென்னைப் படங்களில் தவிர்க்க முடியாதது. டிஜிட்டலில் அந்த இடத்தில் சிவப்புச் சேனல் முதலில் முட்டி, மஞ்சள் திட்டாகத் தெரியும். ஃபிலிமில் அதே இடம் தோலின் நிறத்திலிருந்து பாலேட்டு வெள்ளைக்கு வழுக்கிப் போகும். கர்வுக்கு முன் ஹைலைட்டை இறக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

நிறம் கூடும்போது இருள வேண்டும்

திரையில் சாச்சுரேஷனை ஏற்றினால் நிறம் ஒளிரும். ஃபிலிமில் நிறம் என்பது சாயம். சாயம் கூடினால் அது வெளிச்சத்தை அதிகமாக விழுங்கும், அதனால் நிறம் அடர்ந்து இருளும். பழைய ஸ்லைடுகளில் சிவப்புப் புடவைக்கு இருக்கும் கனம் இங்கிருந்துதான் வருகிறது. கலர் மிக்ஸரில் சிவப்பு லூமினன்ஸ் 15 குறைவு, நீலம் 20 குறைவு, பச்சை 10 குறைவு என்று தொடங்குங்கள். பச்சையின் சாச்சுரேஷனையும் 15 முதல் 25 வரை குறையுங்கள். டிஜிட்டல் என்று காட்டிக்கொடுக்கும் முதல் நிறம் பச்சைதான். அடையாற்றுப் பக்கத்து மரங்களும் வாழையிலையும் பிளாஸ்டிக் மாதிரி மின்னும். ஆட்டோவின் மஞ்சளும் சாமந்தியும் கொஞ்சம் ஆரஞ்சுப் பக்கம் நகர்ந்தால் நன்றாக இருக்கும், 5 போதும். கோபுரத்தின் எனாமல் வண்ணங்களை மட்டும் தனியாகக் கவனியுங்கள்: ரோஸ், கிளிப்பச்சை, ஆகாய நீலம் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஒரு நிறத்தைப் பிடித்து 30, 40 என்று இழுத்தால் பொம்மைகளின் விளிம்பில் சாயம் கசிந்தது போல் கோடு விழும்.

கோடாக்ரோம் ஸ்லைடு ஃபிலிம் மாதிரி வேண்டும் என்று தேடுகிறவர்கள்தான் அதிகம். 1935-ல் வந்தது, 2009-ல் தயாரிப்பை நிறுத்தினார்கள், அதைக் கழுவிக்கொண்டிருந்த கடைசி லேப், அமெரிக்காவின் கான்சாஸில் இருந்தது, 2010 முடிவோடு நிறுத்திவிட்டது. இன்றைக்குப் புதிதாக ஒரு ரோல் எடுத்து ஒப்பிட வழியில்லை. இணையத்தில் கிடைக்கும் கோடாக்ரோம் லட்கள் (நிறங்களை மாற்றும் அட்டவணைக் கோப்புகள்) ஸ்கேனைப் பார்த்துச் செய்தவை. கோடாக்ரோம் சாயங்கள் மற்ற ஸ்லைடுகளிலிருந்து வேறுபட்டவை என்பதால், அதற்கென்று புரொஃபைல் இல்லாத ஸ்கேனரில் படம் நீலம் தட்டி வரும். ஆகவே லட் போட்டதும் நிழல் நீலமாக இருந்தால், அது ஃபிலிமின் குணமா, ஸ்கேனரின் கோளாறா என்று சந்தேகப்படுங்கள். கேலிப்ரேஷன் பகுதியில் சிவப்பு பிரைமரியின் ஹியூவை 8 முதல் 10 வரை ஏற்றி, நீல பிரைமரியின் ஹியூவை 10 முதல் 15 வரை குறைத்து, ஸ்லைடு கர்வோடு நிறுத்தினால் போதுமான அளவு நெருங்கிவிடலாம்.

ராதெரபி என்ற மென்பொருளில் ஹால்ட்கிளட் (படமாகச் சேமித்த லட்) கோப்புகளைப் போடும் வசதி உண்டு. அவை சாதாரணத் திரைக்கான எஸ்ஆர்ஜிபி படத்தை எதிர்பார்ப்பவை. டோன் கர்வே போடாத தட்டையான படத்தில் போட்டுவிட்டு ‘இருட்டாக வருகிறது’ என்பவர்கள் உண்டு. முதலில் படத்தை இயல்பான வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள், பிறகு ஸ்ட்ரெங்த்தை 50 முதல் 70-க்குள் வையுங்கள்.

கறுப்பு வெள்ளை

சாச்சுரேஷனைப் பூஜ்யமாக்கினால் கிடைப்பது சாம்பல் படம். கறுப்பு வெள்ளை ஃபிலிமின் குணம் எந்த நிறத்தை எவ்வளவு வெளிச்சமாகப் பார்க்கிறது என்பதில் இருக்கிறது. வெள்ளி உப்பு இயல்பிலேயே நீலத்துக்குக் கூசும். கோடாக்கின் ட்ரை-எக்ஸ் ஃபிலிம் மாதிரிக்குச் சேனல் மிக்ஸரில் சிவப்பு 25, பச்சை 35, நீலம் 40 என்ற கணக்கு வெகுநாளாகப் புழங்குகிறது. வானம் வெளிறும், தோல் ஒரு படி அடரும். டார்க்டேபிளின் ‘கலர் கேலிப்ரேஷன்’ மாட்யூலில் இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் முதலியவற்றுக்குப் பிரீசெட்டே இருக்கிறது.

இன்னும் பழைய, ஆர்த்தோ தகடுகளில் எடுத்த ஸ்டூடியோப் படம் மாதிரி வேண்டுமானால் சிவப்பு 0, பச்சை 45, நீலம் 55. ஆர்த்தோவுக்குச் சிவப்பு தெரியாது. குங்குமப்பொட்டு கரும்புள்ளியாகும், உதடு கறுக்கும், உயர் நீதிமன்றத்தின் செங்கல் சுவர் கிட்டத்தட்டக் கரியாகும். இதற்கு நேரெதிராக, சிவப்பு ஃபில்டர் போட்டது போல் சிவப்பு 80, பச்சை 20 என்று வைத்தால் நெற்றிக் குங்குமம் தோலோடு கலந்து காணாமல் போய்விடும். கல்யாணப் படத்தில் இதைக் கவனிக்காமல் விட்டால் வீட்டார் முதலில் கேட்பது அதைத்தான்.

சிவப்பு ஃபில்டர் வானத்தைக் கறுக்கச் செய்யும் என்று படித்துவிட்டு சித்திரை மாதத்தில் முயன்றால் ஒன்றும் நடக்காது. நீலம் இருந்தால்தானே கறுக்கும். ஈரக்காற்றில் வெளிறிப்போன வெண்ணிற வானத்தில் மூன்று சேனலும் ஒரே அளவுதான். வடகிழக்குப் பருவமழை கழுவிவிட்ட மறுநாள் வானத்தில் செய்து பாருங்கள். லைட்ரூமின் கறுப்பு வெள்ளை மிக்ஸரில் நீலத்தை 60-க்கு மேல் இறக்கினால் கோபுரத்தைச் சுற்றி வெள்ளை வரம்பு கட்டும். அதற்குப் பதிலாக வைட் பேலன்ஸை மஞ்சள் பக்கம் தள்ளினால் வானம் தானாகக் கறுக்கும், வரம்பு வராது. இரவில் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்த படத்துக்கு நீலத்தின் பங்கை 10-க்குக் கீழே வையுங்கள். அந்தச் சேனலில் நாய்ஸைத் தவிர வேறு சரக்கே இருக்காது.

பேப்பரின் சாயலையும் மறக்க வேண்டாம். ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிமும் பேப்பரும் செய்துகொண்டிருந்த காலம் உண்டு. நம் வீடுகளில் கிடக்கும் கறுப்பு வெள்ளைப் படங்கள் எல்லாம் வெளிநாட்டுப் பேப்பர் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. புரோமைடு பேப்பர் குளிர்ந்த கறுப்பு, குளோரோபுரோமைடு வெம்மையான கறுப்பு. கலர் கிரேடிங்கில் நிழலுக்கு ஹியூ 220, சாச்சுரேஷன் 3 என்றால் முதலாவது. 40, 5 என்றால் இரண்டாவது. செபியாவில் எல்லோரும் செய்யும் பிழை, படம் முழுக்க ஒரே பழுப்பைப் பூசுவது. உண்மையான சல்ஃபைடு டோனிங்கில் படத்தை முதலில் பிளீச் செய்வார்கள். பிளீச் வெளிர் டோன்களை முதலில் பிடிக்கும், அடர்ந்த கறுப்பை கடைசியில்தான் தொடும். ஹைலைட்டுக்கு ஹியூ 38, சாச்சுரேஷன் 18. நிழலுக்கு அதே ஹியூ, சாச்சுரேஷன் 6. வித்தியாசம் சட்டென்று தெரியும்.

கூர்மை, ஒளிவட்டம்

ஷார்ப்பனிங் 25, ரேடியஸ் 1.2, டீட்டெய்ல் 10, டெக்ஸ்ச்சர் 5 குறைவு, கிளாரிட்டி பூஜ்யம். கிளாரிட்டியை ஏற்றிய படத்தை எந்த கர்வும் ஃபிலிமாக்காது.

விளக்கைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போடுவது இப்போது எல்லாரும் செய்கிறார்கள். வெளிச்சம் அடுக்குகளைத் துளைத்துக்கொண்டு போய், ஃபிலிமின் அடித்தளத்தில் பட்டுத் திரும்பும்போது முதலில் அகப்படுவது கீழே இருக்கும் சிவப்பு அடுக்கு. அதுதான் அந்த வட்டம். இதைத் தடுக்கத்தான் ஃபிலிமில் தனி அடுக்கே வைக்கிறார்கள். அந்த அடுக்கை நீக்கிவிட்டு விற்கும் சினிஸ்டில் 800டி போன்ற ஃபிலிமில்தான் வட்டம் பளிச்சென்று விழும். போர்ட்ரா என்ற கலர் நெகட்டிவ் மாதிரி நிறம் போட்டுவிட்டு இந்த வட்டத்தையும் வைத்தால் பொருந்தாது. செய்வதானால் போட்டோஷாப்பில் லேயரை நகலெடுத்து, 240-க்கு மேற்பட்ட பகுதியை மட்டும் த்ரெஷோல்டில் பிரித்து, காசியன் பிளர் 12 முதல் 30 பிக்ஸல், செம்மஞ்சள் சாயம், ‘ஸ்கிரீன்’ மோடு, ஒபாசிட்டி 20 சதவீதம். பகல் வானத்தையும் வெள்ளைச் சட்டையையும் மாஸ்க்கில் நீக்கிவிடுங்கள். இருட்டுக்கு நடுவில் இருக்கும் ஒளிப்புள்ளிக்கு மட்டுமே இது.

கிரெய்ன் கடைசியில்

35 எம்எம் சட்டத்தின் உயரம் 24 மில்லிமீட்டர். அதை 12-க்கு 18 இன்ச் பிரிண்டாகப் போட்டால் சுமார் 12.7 மடங்கு பெரிதாகிறது. 6-க்கு 6 நெகட்டிவின் 56 மில்லிமீட்டர் அதே 12 இன்ச்சுக்குப் போக 5.4 மடங்கு போதும். அதே ஃபிலிம், பாதிக்கும் குறைந்த கிரெய்ன். சதுரமாக வெட்டி மீடியம் ஃபார்மட் மாதிரி காட்டிவிட்டு 35 எம்எம் கிரெய்ன் போடுவது அதனால்தான் உறுத்துகிறது.

லைட்ரூமில்: 100 ஸ்லைடுக்கு அமவுன்ட் 10, சைஸ் 18, ரஃப்னஸ் 40. 400 கலர் நெகட்டிவுக்கு 22, 25, 50. ட்ரை-எக்ஸுக்கு 35, 30, 60. அதை 1600-க்குப் புஷ் செய்தது போல் வேண்டுமானால் 50, 40, 65, கூடவே நிழலை அடைக்கிற கர்வ். சைஸ் 25-ஐத் தாண்டினால் லைட்ரூம் படத்தையே சற்று மங்கலாக்கும் என்பது நினைவிருக்கட்டும். ஐஎஸ்ஓ 6400-ல் எடுத்த படத்தில் வண்ணப் புள்ளி நாய்ஸ் இருந்தால் முதலில் அதை நீக்குங்கள். சென்சார் நாய்ஸ் நிழலில் குவியும், ஃபிலிம் கிரெய்ன் நடு டோன்களில் அதிகம் தெரியும். இரண்டும் ஒன்றின் இடத்தை ஒன்று நிரப்பாது.

இன்னும் நுணுக்கம் வேண்டுவோர் போட்டோஷாப்பில் 16 பிட்டில், 50 சதவீத சாம்பல் நிரப்பிய புது லேயரை ‘ஓவர்லே’யில் வைத்து, காசியன் நாய்ஸ் 12 சதவீதம், பிளர் 0.6 பிக்ஸல் கொடுங்கள். ‘மோனோக்ரோமாட்டிக்’ டிக்கை எடுத்துவிட்டு, அந்த லேயரின் சாச்சுரேஷனை மூன்றில் ஒரு பங்காக்குங்கள். கலர் ஃபிலிமில் வெள்ளித் துகள் கழுவப்பட்டுச் சாய மேகங்கள்தான் மிஞ்சுகின்றன என்பதால் கிரெய்னில் மெல்லிய நிறமும் இருக்கும். ஓவர்லே முழுக் கறுப்பிலும் முழு வெள்ளையிலும் தானாக அடங்கிவிடும்.

இன்ஸ்டாகிராமுக்குப் போகும் படத்தில் கிரெய்ன் ஏன் மறைந்துவிடுகிறது? 4000 பிக்ஸல் அகலம் 1080 ஆகும்போது பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் சராசரியாகிக் கரைந்துவிடும். கிரெய்ன் இல்லாமல் 1080 அகல டிஃப் ஆக எக்ஸ்போர்ட் செய்து, அதை மறுபடி உள்ளே கொண்டுவந்து 12 முதல் 15 வரை சின்ன சைஸில் கிரெய்ன் போடுங்கள். ஜேபெக் தரம் 85-க்குக் கீழே போனால் கிரெய்ன் கட்டம் கட்டமாக உடையும். வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆகவே அனுப்புங்கள்.

தூசி, கீறல் ஓவர்லே போட்டே தீருவேன் என்பவர்களுக்கு ஒன்று மட்டும்: நெகட்டிவில் உட்கார்ந்த தூசி பிரிண்டில் வெள்ளைப் புள்ளி, ஸ்லைடில் உட்கார்ந்த தூசி கறுப்புப் புள்ளி. மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

வெளுத்த ஆல்பம்

பழைய கலர் பிரிண்டுகள் இருட்டில் கிடந்தே வெளுத்தன. அந்தக் காலப் பேப்பர்கள் பலவற்றில் முதலில் தளர்ந்தது சயான் சாயம். கறுப்பு செம்பழுப்பாகத் திரும்பியது அதனால்தான். வெள்ளை மஞ்சளானது பேப்பரில் மிச்சமிருந்த வேதிப்பொருளால். வெப்பமும் ஈரமும் இரண்டையும் விரட்டும், சென்னையில் இரண்டுக்கும் குறைவில்லை. ஆகவே கர்வ் இப்படிப் போக வேண்டும்: சிவப்புச் சேனலில் 0-ஐ 35-க்கும் 255-ஐ 246-க்கும், பச்சையில் 0-ஐ 18-க்கும் 255-ஐ 240-க்கும், நீலத்தில் 0-ஐ 22-க்கும் 255-ஐ 225-க்கும். சாச்சுரேஷன் 20 குறைவு. 8 பிட் ஜேபெக்கில் செய்தால் வானத்தில் படிக்கட்டு விழும், ராவில் அல்லது 16 பிட்டில் செய்யுங்கள்.

இந்த வகைப் படத்தை லேபில் பிரிண்டுக்குக் கொடுக்கும்போது ‘கரெக்‌ஷன் வேண்டாம்’ என்று எழுதிக் கொடுங்கள். தானியங்கித் திருத்தம் ஓடினால் மிஷின் கறுப்பைக் கறுப்பாக்கி, மஞ்சளைக் கழுவி, நீங்கள் செய்ததை எல்லாம் ‘சரிசெய்து’ தந்துவிடும். ஃபைல் எஸ்ஆர்ஜிபியில், 12-க்கு 18-க்கு 3600-க்கு 5400 பிக்ஸல். முழு பிரிண்டுக்கு முன் படத்தின் முகப்பகுதியை அதே அளவில் வெட்டி 4-க்கு 6-ல் ஒன்று போட்டுப் பார்த்தால் கிரெய்ன் எவ்வளவு தெரிகிறது என்று புரிந்துவிடும். திரையில் கொஞ்சம் அதிகம் என்று தோன்றுவது பேப்பரில் பெரும்பாலும் சரியாக இருக்கும். லேப்டாப் வெளிச்சத்தை முழுசாக வைத்து எடிட் செய்தால் பிரிண்ட் இருட்டாகத்தான் வரும். பாதிக்குக் குறைத்து, ‘நைட் லைட்’டை அணைத்துவிட்டு உட்காருங்கள்.

இந்த எண்களைவிட நம்பகமான அளவுகோல் உங்கள் வீட்டு ஆல்பத்திலேயே இருக்கிறது. ஒரு பிரிண்டை 300 டிபிஐயில், தானியங்கித் திருத்தங்களை எல்லாம் அணைத்துவிட்டு ஸ்கேன் செய்து, தலைமுடியின் அடர்ந்த இடத்திலும் வெள்ளை வேட்டியிலும் டிராப்பரை வைத்து மூன்று சேனலையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வரிசை எண்களே உங்கள் கர்வின் இரு முனைகள். பிரிண்ட் ஆல்பத்தின் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள், பூஞ்சை படிந்திருந்தால் ஈரத்துணியால் துடைக்கவும் வேண்டாம். சாய அடுக்கு அதோடு சேர்ந்து வந்துவிடும். ஆல்பத்தை அப்படியே ஜன்னலோரம் கொண்டுபோய், வெளிச்சம் பக்கவாட்டில் சாய்வாக விழும்படி வைத்து, பக்கத்தில் ஒரு கிரே கார்டோடு கேமராவில் எடுத்துக்கொண்டால் அளவெடுக்க அது போதும்.